நாகம்மாவின் ஏழு கிலோ

என் மனைவி நாகம்மா எதையும் ஒருமுறை கையில் தூக்கினால் போதும், எடையைச் சொல்லிவிடுவாள். குத்துமதிப்பாக இல்லை, கிராம் கணக்கில். ஆவடி மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கினால், தராசில் போட்டுக் கொடுத்த பிறகும் பையைத் தூக்கிப் பார்த்து, "அம்பது கிராம் கம்மியா கீது" என்பாள். கடைக்காரர் மறுபேச்சுப் பேசாமல் இன்னொரு காயை எடுத்துப் போடுவார். பக்கத்தில் நிற்கிற எனக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

அந்தக் கை சும்மா வந்ததில்லை. ஆவடியில் ராணுவத்துக்கு உடை தைக்கிற ஃபேக்டரியில் முப்பத்தோரு வருஷம் பேக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வந்த சட்டைகளை மடித்து, எண்ணி, அடுக்கி, இறுக்கிப் பெரிய கட்டாக, பேலாகக் கட்டி அனுப்புகிற வேலை. கட்டுக்குள் ஒரு சீட்டு வைப்பார்கள். உள்ளே என்னென்ன, எத்தனை எத்தனை, கட்டியவர் டோக்கன் நம்பர், கடைசியில் 'சரிபார்த்தவர்' என்று ஒரு கையெழுத்து. போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு சட்டை குறைந்தாலும் அந்தச் சீட்டு திரும்பி வந்து கட்டியவர் எதிரில் நிற்கும். நாகம்மாவின் நம்பர் 417. அது ஒருமுறைகூடத் திரும்பி வந்ததில்லை. ஓய்வு பெற்ற அன்று மைக்கில் அதைத்தான் சொன்னார்கள். போட்ட மாலையைக்கூட அவள் மடித்துத்தான் பைக்குள் வைத்தாள்.

ஃபேக்டரியோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வீட்டிலும் சீட்டுதான். குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு வெள்ளானூர் பிளாட்டுக்கு வந்தபோது மொத்த வீட்டையும் முப்பத்தெட்டு மூட்டையாகக் கட்டி, மூட்டைக்கு ஒரு சீட்டு வைத்தாள். முப்பத்தேழு மூட்டையில் ஒரு கீறல் இல்லை. முப்பத்தெட்டாவதில் நான்கு கண்ணாடித் தம்ளர் உடைந்திருந்தது. அது நான் கட்டியது. இன்றைக்கும் வீட்டில் எது உடைந்தாலும், "முப்பத்தெட்டாம் நம்பரு" என்று என்னைப் பார்த்துத்தான் சொல்வாள்.

வீட்டுச் சீட்டிலும் 'சரிபார்த்தவர்' என்று எழுதி ஒரு கோடு போடுவாள். அந்தக் கோடு எப்போதும் காலியாகவே இருக்கும். புருஷன் என்கிற உரிமையில் ஒருநாள் பேனாவை எடுத்தேன்.

"எண்ணிப் பாத்தியா?" என்றாள்.

"நீ எண்ணதுதானே. நான் வேற எண்ணணுமா?"

"எண்ணாம கையெழுத்து போட்றவனை எங்க செக்ஷன்ல வாசலாண்டகூட வுட மாட்டாங்க. பேனாவ வெய்யி."

வைத்துவிட்டேன். வெளியாள் முன்னால் நான் 'அவரு', தனியாக இருந்தால் 'நீ', கோபம் வந்தால் 'யோவ்'. அன்றைக்கு 'யோவ்' வருவதற்குள் நகர்ந்துகொண்டேன்.

இப்படிப்பட்டவள் தன் அறுபத்தோராவது வயதில் முதல்முறையாக விமானம் ஏறவேண்டி வந்தது. எங்கள் ஒரே மகள் வர்ஷா டொரண்டோவில் இருக்கிறாள். நிறைமாதம். பிரசவத்துக்கு அம்மா வேண்டும் என்றாள். எனக்கு விசா இன்னும் வரவில்லை, நாகம்மாவுக்கு வந்துவிட்டது. அவள் முதலில் போவது, நான் பின்னால் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வருவது என்று ஏற்பாடு. துபாயில் இறங்கி, அரை நாள் காத்திருந்து வேறு விமானம் மாறி, அங்கிருந்து பதினான்கு மணி நேரம். எனக்குத்தான் பயம். அவளுக்கு ஒன்றுமே இல்லை. "ரெண்டு பெரிய பொட்டி, ஒண்ணொண்ணும் இருபத்தி மூணு கிலோ. கையில ஒண்ணு ஏழு கிலோ. அவ்ளோதானே?" என்று கேட்டுக்கொண்டாள். கணக்கு தெரிந்துவிட்டால் அவளுக்குப் பயம் போய்விடும்.

பெரிய பெட்டிகள் இரண்டும் ஒரே வாரத்தில் தயார். லேகியம், பருப்புப் பொடி, சுக்கு, ஓமம், அப்புறம் மருமகன் நிர்மலுக்கென்று தனியாக அரைத்த இட்லிப் பொடி. வறுக்கிற வாசனை மாடிப்படி வரைக்கும் வந்தது. எனக்கு இட்லிப் பொடி இருந்தால் உப்புமாவும் இறங்கும், தயிர் சாதமும் இறங்கும். ஒரே ஒரு ஸ்பூன் கேட்டேன். "இது கண்டிசனா மருமவனுக்கு. கைய வெச்ச, எடை கொறஞ்சிரும், எனக்குத் தெரிஞ்சிரும்" என்றாள். கட்டிய பொட்டலத்தின் வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு ஆபீஸ் கிளம்பினேன். ஆபீஸ் என்றால் மண்ணூர்பேட்டையில் ஒரு லேத் பட்டறை. அறுபத்து மூன்று வயதிலும் முதலாளி என்னை விடமாட்டேன் என்கிறார்.

சிக்கல் வந்தது அந்த ஏழு கிலோவில்தான்.

ஊசி, மருந்து எல்லாம் கேட்டுக்கொள்ளலாம் என்று டாக்டர் திருமுருகனிடம் போனோம். அவர் நாகம்மாவின் கால்களைப் பார்த்தார். முப்பத்தோரு வருஷம் நின்று செய்த வேலை. முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் சுருட்டிக்கொண்டு பச்சையாகப் புடைத்திருக்கும். சாயங்காலம் ஆனால் வீங்கிவிடும். அவர் நிதானமாகச் சொன்னார். "இவ்வளவு நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்காரக்கூடாதும்மா. ரத்தம் கட்டிக்கும். இறுக்கமான சாக்ஸ் எழுதித் தரேன், ஏர்றதுக்கு முன்னாடியே போட்டுக்குங்க. மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்க. தண்ணி நிறைய குடிங்க."

"சாக்ஸ் போடலன்னா?" என்று நான் கேட்டேன். அவளுக்காகத்தான் கேட்டேன்.

"பேரப்பிள்ளையைத் தூக்கப் போறவங்களை அங்க மத்தவங்க தூக்கவேண்டி வரும்."

அன்றே வாங்கிவிட்டேன். தோல் நிறம், முழங்கால் வரைக்கும் வரும், விரல் பக்கம் திறந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் நாகம்மா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். "நூறு கிராம்" என்று சொல்லிக் கட்டில் மேல் போட்டுவிட்டாள்.

எதிர் பிளாட்டில் கிருஷ்ணப்பிரியா என்று ஒரு பெண். திருநெல்வேலிப் பக்கம், ஐ.டி. வேலை, வருஷத்துக்கு இரண்டு முறை வெளிநாடு போய் வருகிறவள். அவள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பட்டியலோடு வந்தாள். நீண்ட பயணத்துக்குக் கைப்பையில் என்னென்ன இருந்தால் உடம்பு நோகாது என்று. கழுத்துக்குத் தலையணை ஒன்றைத் தானே வாங்கியும் வந்திருந்தாள்.

நாகம்மா அதைக் கழுத்தில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்தாள். "மாட்டுப் பொங்கலுக்கு நிக்க வெச்ச மாதிரி கீது" என்றாள்.

"ஆன்ட்டி, தூங்கும்போது கழுத்து சாயாது. உள்ள ரொம்பக் குளிரும், ஒரு ஷால், ஒரு ஸ்வெட்டர் கைலயே வச்சுக்கோங்க. கண்ணுக்கு மாஸ்க் இருக்கு, வெளிச்சம் தெரியாது."

"கண்ண கட்டிகினா பிளேன் எங்க போவுதுன்னு யாரு பாக்கறது?"

கிருஷ்ணப்பிரியா சிரித்துவிட்டாள். ஆனால் நாகம்மா பை அடுக்குகிறதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தி, கிட்டே வந்து உட்கார்ந்துகொண்டாள். முதலில் தேவைப்படுவது மேலே, கடைசியில் தேவைப்படுவது அடியில். பாஸ்போர்ட் பக்கத்து ஜிப்பில். மாத்திரை, பிஸ்கட், காலி தண்ணீர் பாட்டில் கைக்கெட்டுகிற இடத்தில். ஃபேக்டரி கேட்டில் முப்பத்தோரு வருஷம் பையைத் திறந்து காட்டிப் பழகியதால், திறந்தவுடன் உள்ளே இருப்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரிகிற மாதிரி அடுக்குவாள். "ஆன்ட்டி, நான் இத்தனை வருஷமா பைக்குள்ள திணிச்சிட்டுத்தான் போயிருக்கேன்" என்று அந்தப் பெண் ஒப்புக்கொண்டாள்.

எல்லாம் சரி. ஆனால் அந்தப் பையில் பாதி இடத்தை வேறொன்று பிடித்துக்கொண்டிருந்தது. நாகம்மாவின் பழைய வாயில் புடவைகள் ஆறு. துவைத்துத் துவைத்துப் பூவாகிப் போனவை. அவற்றைச் சதுரமாகக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து, இருபத்து நான்கு துண்டாக்கியிருந்தாள். குழந்தையைத் துடைக்க, சுற்ற, கீழே விரிக்க. ஒன்று நூறு கிராம். மொத்தம் இரண்டு கிலோ நானூறு. பெரிய பெட்டியில் போடலாமே என்றால் கேட்கமாட்டாள். பெட்டி தொலைந்துபோனால் லேகியத்தை மறுபடி கிண்டலாம், இருபது வருஷம் துவைத்த துணிக்கு எங்கே போவது என்பாள்.

எனவே பையில் ஏழு கிலோ நிறைந்துவிட்டது. தலையணை, ஷால், ஸ்வெட்டர், சாக்ஸ் நான்கும் கட்டிலிலேயே கிடந்தன.

கிருஷ்ணப்பிரியா போன பிறகு நான் ஆரம்பித்தேன். "துணியில பாதிய எடுத்துரு நாகு. டாக்டரு சொன்னத கேட்டல்ல? அந்த சாக்ஸயாவது வெய்யி."

"யோவ், புடவைக்கு எவளாவது சாக்ஸ் போடுவாளா?"

"யாரு பாக்கப் போறாங்க?"

"வர்ஷா பாப்பா." அவள் குரல் இறங்கிவிட்டது. "வவுத்த தள்ளிகினு ஏர்போர்ட்டுல வந்து நிப்பா. நம்மள பாத்துக்க அம்மா வருதுன்னு நெனச்சிகினு நிப்பா. நான் காலுக்குக் கட்டு போட்டுகினு நோயாளி மாதிரி போய் எறங்கினா அந்தப் பொண்ணு இன்னா நெனைக்கும்? மருமவன் ஊட்டாண்ட எனக்கு யாரும் சேவகம் செய்ய வேணாம்."

இவளிடம் பேசி ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனால் பயம் எனக்குள் உட்கார்ந்துகொண்டது. நடு வானத்தில், பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்றும் இல்லாமல், இவள் கால் வீங்கி நெஞ்சு அடைத்தால் யார் கேட்பார்கள்? எனக்கு அவள் நல்லபடியாக நடந்து போய் இறங்கவேண்டும். அவ்வளவுதான் வேண்டும்.

மாலையில் அவள் டெய்லரிடம் ஜாக்கெட் வாங்கப் போனாள். நான் காரியத்தில் இறங்கினேன். திருடன் என்றாலும் தொழில் தெரிந்த திருடன். பட்டறையிலிருந்து டிஜிட்டல் தராசு ஒன்றை முந்தின நாளே கொண்டுவந்திருந்தேன். தலையணை முந்நூறு, ஷால் ஐந்நூறு, ஸ்வெட்டர் முந்நூறு, சாக்ஸ் அவள் சொன்னபடியே சரியாக நூறு. ஆயிரத்து இருநூறு கிராம். பன்னிரண்டு துண்டுத் துணியும் ஆயிரத்து இருநூறு. பன்னிரண்டை எடுத்தேன், நான்கை வைத்தேன், மீதித் துணியைத் திரும்ப மடித்து அடுக்கினேன். தராசில் வைத்தால் ஏழு கிலோ. ஒரு கிராம் ஏற்ற இறக்கம் இல்லை. அவள் கையே தூக்கினாலும் கண்டுபிடிக்க முடியாது. எடுத்த துணியை பீரோவில் என் சட்டைகளுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். அவள் வந்து பையைத் தூக்கிப் பார்த்தாள், அப்படியே இறக்கிவைத்துவிட்டுத் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றினாள். ராத்திரி இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போய்விட்டேன். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் விமான நிலையம். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் போக அவள். பெட்டி வண்டியை நானே தள்ளிக்கொண்டு வந்து அவளிடம் கொடுத்தேன். கரும்பச்சைச் சுங்குடிப் புடவை, தலையில் முழம் மல்லிகை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"இன்னா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. பிரஷர் மாத்திரைய சாப்ட்டுட்டுப் போடு. மறந்துட்டு மறுபடியும் போடாத."

"பிளேன் ஏறினதும் பைய தொறந்து பாரு நாகு. மேலயே கீது. அத கால்ல போட்டுக்கோ. என் மேல ஆணை."

அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கண் கலங்கிவிட்டது எனக்கு. முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் நாங்கள் பிரிந்ததில்லை.

அரை மணி நேரத்தில் உள்ளேயிருந்து போன் செய்தாள். "பொட்டியெல்லாம் போட்டாச்சி. பையி ஆறு தொள்ளாயிரம் காட்டுச்சி. கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு 'சூப்பரா பேக் பண்ணிருக்கீங்கம்மா'ன்னு சொல்லிச்சி."

"ஆறு தொள்ளாயிரமா?"

"ஆமா. வெச்சிடறேன். கூப்புட்றாங்க."

நான் வைத்தது ஏழு கிலோ. நூறு கிராம் எங்கே போனது? நூறு கிராம் என்றால் சாக்ஸ். கண்டுபிடித்துவிட்டாள். சாக்ஸை மட்டும் எடுத்து வீட்டில் வீசிவிட்டுப் போயிருக்கிறாள். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன், அணைத்துவிட்டிருந்தாள்.

பஸ்ஸில் பூந்தமல்லி வந்து, அங்கிருந்து ஆவடி பஸ் பிடித்து வீடு வரும் வரைக்கும் அவளை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். வேலப்பன்சாவடியில் காலேஜ் பிள்ளைகள் ஏறி, இடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் மேலும் கோபம் வந்தது. என்ன பிடிவாதம் இது. மகளுக்கு முன்னால் கௌரவமாக நிற்கவேண்டும் என்பதற்காகக் காலையே பணயம் வைப்பாளா ஒருத்தி?

வீட்டைத் திறந்ததும் சாக்ஸைத் தேடினேன். கட்டிலில் இல்லை. கொடியில் இல்லை. குப்பைக்கூடையில்கூடப் பார்த்தேன். கடைசியில் பீரோவைத் திறந்தேன்.

திறந்ததும் பெருங்காய வாசனை அடித்தது. சட்டைகளை விலக்கினால், நான் துணி ஒளித்த இடத்தில் துணி இல்லை. அதே இடத்தில் ஒரு பொட்டலம். மருமகனுக்கென்று அரைத்த இட்லிப் பொடி. அதன்மேல் ஊசி குத்தி ஒரு சீட்டு, அவள் கையெழுத்தில்:

"துணி 12, பெரிய பெட்டி நம்பர் 2க்கு மாற்றப்பட்டது.
அதிலிருந்து எடுத்த இட்லிப் பொடி 1 கிலோ 200, இங்கே வைக்கப்பட்டது. உனக்கு. தினம் ரெண்டு ஸ்பூனுக்கு மேல் கூடாது.
தலையணை 1, ஷால் 1, ஸ்வெட்டர் 1, பையில்.
சாக்ஸ் 1 ஜோடி, காலில்.
குறிப்பு: பையில் துணி மடிப்பு இடது பக்கம் இருந்தது. அது என் கை இல்லை. உன் சட்டையை மடித்து பீரோவில் அடுக்குவது யார் என்று யோசித்திருக்கலாம்.
கட்டியவர்: 417
சரிபார்த்தவர்: ____"

அந்த பீரோ முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சாக்ஸ் காலில். வீட்டிலேயே போட்டுக்கொண்டுதான் கிளம்பியிருக்கிறாள். புடவை பாதம் வரைக்கும் மறைத்துவிட்டது. கதவுக்கு வெளியே நான் ஆணை போட்டபோது அது அவள் காலில்தான் இருந்திருக்கிறது. பெருங்காய வாசனைக்கு நடுவே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். வெட்கம் என்ன இருக்கிறது.

பிறகு எழுந்து தராசை எடுத்துவந்து பொட்டலத்தை வைத்தேன். ஆயிரத்து இருநூறு. நான் தராசு வைத்துச் செய்ததை அவள் கையாலேயே செய்திருக்கிறாள். பேனாவை எடுத்து, சரிபார்த்தவர் என்ற இடத்துக்குக் கொண்டுபோய், நிறுத்திவிட்டேன். பொடியைச் சரிபார்த்தாயிற்று. சாக்ஸைப் பார்க்கவில்லையே. சீட்டை மேசைமேல் வைத்து, பறக்காமல் தண்ணீர்ச் சொம்பை வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வர்ஷா வீடியோவில் வந்தாள். "அப்பா, அம்மா வந்துட்டாங்க. வீல்சேர் சொல்லி வெச்சிருந்தேன், வேணாம்னு அந்த ஆள அனுப்பிட்டு அவங்களே நடந்து வராங்க. உள்ள மணிக்கு ஒரு தடவ எழுந்து நடந்தாங்களாம். பக்கத்து சீட்டு அம்மாவையும் கூட்டிகினு போயி நடக்க வெச்சிருக்காங்க."

பின்னால் நாகம்மா தெரிந்தாள். கழுத்தில் தலையணை அப்படியே மாட்டியிருந்தது. மல்லிகை வாடியிருந்தது, முகம் வாடவில்லை. மகள் வயிற்றின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"கால காட்டு" என்றேன்.

"இன்னாயா, ஏர்போர்ட்டுல நின்னுகினு..."

"காட்டு நாகு. நான் சரிபாக்கணும்."

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். புடவையை நான்கு விரல்கடை தூக்கினாள். தோல் நிறச் சாக்ஸ் சுருக்கமில்லாமல் இழுத்து மாட்டியிருந்தது. கணுக்கால் எலும்பு தெரிந்தது. வீக்கம் இல்லை. வர்ஷா குனிந்து அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, எனக்கும் டாக்டர் இதேதான் குடுத்துருக்காங்க, நானும் போட்டுகினுதான் வந்தேன்" என்று தன் காலை நீட்டினாள். நாகம்மா தன் காலையும் மகள் காலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இருவரும் சிரித்தார்கள்.

போனை வைத்துவிட்டுச் சொம்பை நகர்த்தினேன். சரிபார்த்தவர் என்ற இடத்தில் 'பச்சையப்பன்' என்று முழுப் பெயரையும் எழுதி, தேதி போட்டேன். அவளுடைய சீட்டில் என் கையெழுத்து ஏறியது அதுதான் முதல் தடவை. பிறகு தட்டை எடுத்துவைத்து இரண்டு ஸ்பூன் பொடி போட்டுக்கொண்டேன். இரண்டுதான்.